கறுப்புக் குடையைச் சிவப்பாக்கிய மகளுக்கு

பாப்பா,

நேற்று காலையில் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "வெள்ளிக்கெழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும்ப்பா. நீங்க என்ன சொல்றீய?" என்றாய். நான் உடனே, சாப்பிட்டாயா, பெங்களூரில் மழை உண்டா, நம் நாய் சிப்பாய் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டிவிட்டான் என்று எங்கெங்கோ பேச்சைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். நீயும் என் மகள்தானே, புரிந்துகொண்டு, "சரிப்பா, பொறவு பேசுதேன்" என்று விட்டுவிட்டாய். போலீஸ் வேலையில் இருந்தவரைக்கும் எத்தனையோ வக்கீல்களின் குறுக்கு விசாரணைக்கு அசராமல் நின்றவன் நான். மகள் கேட்ட ஒற்றைக் கேள்விக்குத் திருதிருவென்று முழித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். வாயால் சொன்னால் எனக்கு வழவழவென்று போய்விடும். எழுதினால்தான் நான் என்ன நினைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியும். இதை ஜெனிபருக்கும் படித்துக் காட்டு. உங்களைப் போல மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வேறு யார் கேட்டாலும் கொடு. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

முதலில் விவகாரத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பழக்கதோஷம். நீயும் ஜெனிபரும் கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கும்போதே ஆரம்பித்தது இந்த வீடியோ கேம். ஊர் ஓடையில் திடீரென்று தண்ணீர் நின்றுபோகிறது. ஏன் நின்றது என்று பார்க்க ஒரு பெண்பிள்ளை தன் வெள்ளை நாயைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். கதை அவ்வளவுதான். இப்போது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, கதை பிடித்திருக்கிறது, நாங்களே வெளியிடுகிறோம் என்கிறது. ஒரே நிபந்தனை, இப்போது இருப்பதுபோல வரைந்த படமாக இருக்கக் கூடாது. மலை, மரம், மனுஷர் எல்லாம் கேமராவில் பிடித்ததுபோல இருக்க வேண்டும். சரி என்றால் பெரிய ஆட்கள் கூட்டம் உங்களுக்கு வேலை செய்யும். இல்லை என்றால் நீங்கள் இரண்டு பேரும் பகலெல்லாம் அடுத்தவர் வேலையைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் உங்கள் மலையை ஏற வேண்டியதுதான். ஜெனிபர் வீட்டில் வேறு, "நல்ல வேலையாப் பாத்துப் போ" என்று நெருக்குகிறார்கள். இது இழுத்துக்கொண்டே போனால் அவள் கைவிட்டுவிடுவாளோ என்று உனக்குப் பயம்.

இதில் என்னை எதற்குக் கேட்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். "உள்ளது உள்ளபடி" என்று உன் காதில் ஓதிக்கொண்டே இருந்தவன் நான்தான். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வரைந்த மலை ஞாபகம் இருக்கிறதா? முழுக்க நீலம். நான் பார்த்துவிட்டு, "மலையில இருக்கது மரம். மரம் பச்சை. இதென்ன நீலம்?" என்றேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். உன் அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஏங்க, உங்களுக்கு எல்லாத்துக்கும் சாட்சி வேணும். இந்தா நிக்குதுல்லா உங்க சாட்சி, என்ன கலருன்னு கேளுங்க" என்றாள். மேற்கே மலை நீலமாகத்தான் இருந்தது. ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவன், தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கியவன், அன்றைக்குத்தான் அது நீலம் என்று பார்த்தேன். ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. "கிட்டப் போனா பச்சைதான்" என்றேன். "அப்ப கிட்டப் போயிப் படம் போடுங்க. எம் புள்ள இங்க இருந்து போடுதா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்படிப்பட்டவன்தான் நீ முதல் தடவை இந்த கேமைச் செய்யத் தொடங்கியபோது, செய்தால் அச்சு அசலாகச் செய், இல்லையென்றால் செய்யாதே என்று சட்டம் பேசினேன். அம்மா போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நீ கதையின் தொடக்கத்தில் அம்மாவை வைக்கப் போகிறேன் என்றாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வேலை முடிந்து ராஜபாளையம் பஸ்ஸுக்கு நிற்கும் அதே நிறுத்தத்தில், அந்த வாகை மரத்துக்கு அடியில், குடையோடு. அந்தப் பெண்பிள்ளை அங்கேயிருந்துதான் மலைக்குப் புறப்படுவாள் என்றாய். எனக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ தெரியவில்லை. மறுநாளே அளவு டேப்பும் கேமராவும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சம்பவ இடத்தைப் பார்வையிடுகிற மாதிரி நாலு திசையிலிருந்தும் படம் எடுத்தேன். மரத்தின் சுற்றளவு, நிழற்குடையின் உயரம், பால்கோவாக் கடைக்கும் கம்பத்துக்கும் இடைத்தூரம் என்று அளந்து தள்ளினேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன ஆட்டோக்காரர் என்ன நினைத்தாரோ, ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். அவ்வளவுதான். கடைக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து, "ஸார், எம் படி வரைக்கும் இடிப்பாகளா? எம்புட்டு தூரம் எடுக்காக?" என்று சூழ்ந்துகொண்டார்கள். சத்தம் கேட்டு வந்த ஒரு இளவட்டக் கான்ஸ்டபிள், "பெரியவரே, நீங்க எந்த ஆபீஸு? கார்டு இருக்கா?" என்று என்னையே விசாரித்தான். ரிட்டயர்டு எஸ்.ஐ. என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. மகளுடைய வீடியோ கேமுக்கு அளக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவன் அதை நம்பவே இல்லை.

நான் கொண்டுவந்து கொட்டியதை எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்தீர்கள். செய்து முடித்து என் கையில் கொடுத்தபோது நிஜமாகவே மலைத்துப்போனேன். வாகை மரத்தில் காய்ந்த காய்கூடத் தொங்கியது. சுவரில் போஸ்டர் கிழிந்திருந்த இடம்கூட அப்படியே இருந்தது. ஆனால் விளையாட உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதைத் தொடலாம், எது சும்மா நிற்கிறது, எந்தப் பக்கம் போவது, எல்லாம் ஒன்றுபோல இருந்தது. செண்பகத்தோப்புக்கு மேலே போனதும் பாறையாகக் கிடந்தது, எந்தப் பாறையில் ஏறலாம் என்று தெரியாமல் அந்தப் பெண்பிள்ளை ஓணான் மாதிரி ஒவ்வொன்றிலும் முட்டிக்கொண்டு நின்றாள். "அது ஒண்ணுமில்ல அங்கிள், எல்லாக் கம்பெனியும் செய்யறதுதான், ஏறுற பாறையில மட்டும் மஞ்சப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருவோம்" என்றாள் ஜெனிபர். எனக்கு வந்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஏட்டி, நடுக்காட்டுல எவன் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டுப் போயி அடிச்சான்? ஃபாரஸ்ட்காரன் கேஸ் போட மாட்டானா?" என்று கேட்டேன். நீயும் சிரித்தாய். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் உன் மனசுக்குள் ஏதோ ஓடியது. அச்சு அசலாகச் செய்துவிட்டு, அது விளங்கவில்லை என்று அதன் மேலேயே பெயிண்ட் அடிப்பது என்ன கணக்கு என்று நீ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பிறகுதான் அம்மாவைக் காட்டினாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால். உன்னிடம் இருந்த படங்களை எல்லாம் வைத்து, எத்தனை நாள் உட்கார்ந்தாயோ, முகத்தை உருவாக்கியிருந்தாய். கன்னத்து மச்சம் அதே இடத்தில் இருந்தது. மூக்குத்திக்குக் கீழே இருக்கும் சின்னச் சுருக்கம் இருந்தது. கண் இமைத்தது. மூச்சு விட்டது. நான் பார்த்தேன். எழுந்துபோய் சிப்பாய்க்குச் சோறு வைத்தேன். அவனுக்கு ஏற்கெனவே நீ வைத்திருந்தாய். திரும்பி வந்து எனக்குப் பசி இல்லை என்றேன். "என்னப்பா, நல்லா இல்லையா?" என்று கேட்டாய். "எல்லாம் சரியா இருக்கும்மா" என்றேன். அந்தச் சாயங்காலமே நீ பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டாய்.

இப்போது சொல்கிறேன். வேலையில் இருக்கும்போது நான் எத்தனையோ பிரேத விசாரணைகளில் நின்றிருக்கிறேன். உறவுக்காரரைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொல்வோம். அவர் பார்ப்பார். "ஆமா சார், அவருதான்" என்று சொல்வார். ஆனால் சொல்லிவிட்டு அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதில் "இது அவர் இல்லை" என்று இருக்கும். மூக்கு, முழி, மச்சம் எல்லாம் பொருந்தும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். அன்றைக்கு அந்த உறவுக்காரனாக நான் இருந்தேன் பாப்பா. உன் கைவேலையில் ஒரு குறை கிடையாது. நான் கேட்டதை, கேட்டபடியே செய்து கொடுத்தாய். நான்தான் தப்பானதைக் கேட்டுவிட்டேன்.

நேற்று உன்னோடு பேசிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பழைய சமாசாரம் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் எஸ்.ஐ. ஆன புதிது. தேவதானம் பக்கம் இரண்டு பங்காளிகளுக்குள் வாய்க்கால் தண்ணீரில் தகராறு, ஒருவருக்கு மண்டை உடைந்துவிட்டது. சம்பவ இடத்துக்கு மாதிரி வரைபடம் போட வேண்டும். கோர்ட்டுக்குப் போகிற படம் அது, எது எங்கே இருந்தது என்று காட்டுவது. நான் இருந்த உற்சாகத்தில், ஒரு தென்னை மரத்தை விடாமல், வரப்பு, வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, குரும்பை உதிர்ந்து கிடந்த இடம் உட்பட எல்லாவற்றையும் பெரிய தாளில் வரைந்துகொண்டு போய் இன்ஸ்பெக்டர் முன்னால் பெருமையாக விரித்தேன். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "ஏய்யா, நாம என்ன தோப்பை விக்கவா போறோம்? இதுல அடிச்சவன் எங்க, அடிபட்டவன் எங்க, பாத்த சாட்சி எங்க?" என்றார். எனக்கே தேடித்தான் காட்ட வேண்டியிருந்தது. மறுபடி வரைந்தேன். கிணற்றுக்கு ஒரு வட்டம். மோட்டார் ரூமுக்கு ஒரு கட்டம். விழுந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. சாட்சி நின்ற இடத்துக்கும் அதற்கும் இடையில் ஒன்றுமே இல்லாத வெறும் தாள். கோர்ட்டில் ஜட்ஜ் ஐயா அதைப் பார்த்துவிட்டு, "இங்க நின்னா நல்லா தெரிஞ்சிருக்குமே" என்றார். கேஸ் நிலைத்து நின்றது அந்த வெறும் தாளில்தான்.

வேலை பார்த்த காலமெல்லாம் நான் அப்படித்தான் வரைந்தேன். கோவில் என்றால் ஒரு முக்கோணம், மரம் என்றால் ஒரு கோட்டுக்கு மேல் சுருட்டை. யாரும் என்னை, மரம் இப்படியா இருக்கும் என்று கேட்டதில்லை. ஆனால் பெற்ற பிள்ளை நீல மலை வரைந்தால் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுவது பொய் சொல்வது ஆகாது என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது, என் வாய்க்குத்தான் தெரியவில்லை. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால் உனக்கு எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும். எனக்குத் தோன்றியதே நேற்றுத்தான்.

நீ என்னிடம் கேட்காமலே வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டாய். கோடையில் வந்தபோது எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு மறுபடி வரைந்ததைக் கொண்டுவந்தாய். மலை நீலம். அதுவும் ஒரு நீலம் இல்லை, கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று, அதற்கும் தூரத்தில் ஒன்று. சிப்பாயின் கால்களை நீ இழுத்திருந்த இழுப்பில், "இது நாயா குதிரையாட்டி?" என்று கேட்டேன். ஆனால் அது ஓடியபோது நம் சிப்பாயே ஓடினான், அந்தப் பின்னங்கால் கொஞ்சம் கோணலாக விழுவது உட்பட. அவனுடைய சிவப்புக் கழுத்துப்பட்டையை மட்டும் ஏன் நீலமாக்கினாய் என்று கேட்டேன், நீ சிரித்தாய். வாகை மரம் ஒரு பச்சை மொத்தை. கடைக்கு ஒரு கூரை, ஒரு பலகை, அவ்வளவுதான். அதற்கு அடியில் ஒரு பொம்பளை நின்றாள். முகத்தில் இரண்டு புள்ளி, ஒரு கோடு. மச்சம் இல்லை, மூக்குத்தி இல்லை. ஆனால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். நான் "ஏய்" என்று கூப்பிட்டுவிட்டேன். அம்மாவை அப்படித்தானே கூப்பிடுவேன். உனக்கு முன்னால் அழக்கூடாது என்று வைத்திருந்தது எல்லாம் அன்றைக்குப் போயிற்று.

அழுது முடித்ததும் உடனே போலீஸ்காரன் வந்துவிட்டான். "உங்கம்மா குடை கறுப்புல்லா? இதென்ன சிவப்பு?" என்று கேட்டேன். "மேல போனா தெரியும்ப்பா" என்றாய். பெரிய மனுஷி மாதிரி ஒரு பதில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் ஏதோ கலைக்கண்ணோடு சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

நீ ஊருக்குப் போன பிறகு நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டு சரோஜாம்மா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள், நான் டேப்லெட்டில் விளையாடுவதை எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவுடன், "அரே, மா அத்தம்மா!" என்று கத்தினார்கள். அவர்கள் வீட்டில் தெலுங்குதானே. "அண்ணா, எங்க மாமியாரு இப்படித்தான் நிப்பாங்க. கல்யாண வீட்டுல எல்லாரும் சாப்பிட்டாங்களான்னு பாத்துக்கிட்டு, அப்படியே ஒரு காலுல. யாரு வரைஞ்சது?" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. இது என் பெண்டாட்டி, உங்கள் மாமியார் எங்கே வந்தார் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சரோஜாம்மாவின் மாமியாரோ குள்ளம், நல்ல பருமன், உன் அம்மாவுக்கும் அவருக்கும் ஒரு பொருத்தமும் கிடையாது. ஆனால் அவர்கள் கண் நிறைந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். இருவரும் ஆளுக்கு ஒருத்தியை அதே இரண்டு புள்ளியில் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ முதலில் செய்தாயே அந்த முகம், அதில் மச்சம்வரைக்கும் எல்லாம் நிரம்பியிருந்தது. சரோஜாம்மாவுக்கு அதில் இடம் இருந்திருக்காது. எனக்கே இருக்கவில்லை. அந்தக் கம்பெனிக்காரர்கள், உலகம் முழுக்க ஆட்கள் ஒட்ட வேண்டும் என்றால் நிஜமாக இருக்க வேண்டும் என்கிறார்களாமே, அவர்களிடம் எங்கள் எதிர்வீட்டைச் சொல்லிப் பார்.

அதற்காக, நிஜம்போலச் செய்வது மட்டம் என்று நான் கட்சி மாறிவிட்டதாக நினைக்காதே. நாளைக்கு நீ துப்பறியும் விளையாட்டு ஒன்று செய்தால், ஒரு அறைக்குள் ஒவ்வொரு பொருளும் சாட்சி சொல்ல வேண்டும் என்றால், அப்போது தூசிகூட நிஜமாக இருக்க வேண்டும். டேப்போடு நானே வருகிறேன், கார்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்கிறேன். இந்த கேமிலும் நிஜம் இல்லாமல் இல்லை. ஜெனிபர் சேர்த்திருக்கும் சத்தம் முழுக்க நிஜம்தானே. ஓடைத் தண்ணீர் செண்பகத்தோப்பில் போய்ப் பிடித்தது, ஹாரன் ராஜபாளையம் பஸ்ஸுடையது, குரைப்பது நம் சிப்பாய். பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி அவனை வெறியேற்றியதை மறப்பேனா? கண்ணுக்கு வரைந்ததைக் கொடுத்துவிட்டு, காதுக்கு உள்ளதைக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் தெரிந்துதான் பிரித்திருக்கிறீர்கள் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது விளையாடிய கேம் ஒன்றை, நிஜம் மாதிரியே இருக்கிறது பாருங்கப்பா என்று அன்றைக்கு வாயைப் பிளந்தாயே, கோடையில் அதையே மறுபடி போட்டுக் காட்டினாய். ஆட்கள் எல்லாம் மெழுகு பூசியதுபோல இருந்தார்கள். அதே காலத்தில் வரைந்து செய்த இன்னொரு கேம் இன்னும் அப்படியே இருந்தது. அம்மாவை வைத்திருக்கும் கேம் சீக்கிரம் வயசாகிப்போவதில் எனக்கு இஷ்டமில்லை.

ஆக, நீ கேட்டதற்குப் பதில். வேண்டாம் என்று சொல்லிவிடு. மரியாதையாக, நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல். கதையை இப்படியே வெளியிடுவதற்கு ஒத்துக்கொண்டால் அவர்களோடே போ, இல்லையென்றால் இன்னொருவர் வருவார். அப்பாவுக்கு அச்சு அசலாக இருந்தால்தான் பிடிக்கும் என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்து உன்னைச் சரி என்று சொல்லவைத்தால், அதை முதலில் தூக்கிப் போடு. எல்லாம் யோசித்து, ஜெனிபரோடும் பேசி, நீயே சரி என்று முடிவெடுத்தால் அதற்கும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முகத்தை மறுபடி செய்வதற்கு மட்டும் யாரிடமும் அம்மாவின் படங்களைக் கொடுக்காதே. இது புத்திமதி இல்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெனிபர் வீட்டுக்கு நான் போய்ப் பேசுகிறேன். அவள் அப்பா எனக்குப் பழக்கமானவர்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் பார்த்தால் நின்று பேசுவார். பிள்ளைகள் வெட்டியாக இருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், யாரும் அவருக்கு இதை விளையாடக் கொடுத்ததில்லை. டேப்லெட்டைக் கையோடு கொண்டுபோவேன். அங்கே வாடகை அறையில் முடங்கிக் கிடக்க வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். மாடி அறையை ஒழித்து வைத்துவிட்டேன். இன்டர்நெட் ஆளிடமும் சொல்லியிருக்கிறேன், வாரேன் வாரேன் என்கிறான். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். என்ன நிறத்தில் என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் போலிருக்கிறது. கோடையிலிருந்து தினமும் விளையாடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, நான் அந்த பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போனதே இல்லை. எங்கே வரைக்கும் வந்திருக்கீய என்று நீ கேட்கும்போதெல்லாம், பாதி மலை என்று அளந்துவிட்டேன். அந்தப் பெண்பிள்ளையைக் கொண்டுபோய் அம்மா பக்கத்தில் நிறுத்துவேன். "பொழுது சாயிறதுக்குள்ள வந்துரு" என்று எழுத்து வரும். அங்கேயே நிற்பேன். ஒருநாள் எதையும் தொடாமல் வெகுநேரம் நின்றபோதுதான் பார்த்தேன், அவள் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, பஸ் வரும் திசையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு டூட்டி இருந்த காலத்தில், வேலை முடிந்து அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு வர எதிர் டீக்கடைக்குப் போவேன். போனவுடன் கூப்பிட மாட்டேன். ஒரு டீயைச் சொல்லிவிட்டு, அவள் அப்படிப் பையை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் உன்னைக் கேட்டதற்கு, "காலேஜ் பஸ் அந்த வழியாத்தான்ப்பா வரும். ஜன்னல் வழியா தெனமும் பாப்பேன்" என்று சாதாரணமாகச் சொன்னாய். உன் அம்மாவை நாம் இரண்டு பேரும் ரோட்டின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒளிந்திருந்து பார்த்திருக்கிறோம் பாப்பா.

அம்மா போன பிறகு நான் எங்கேயும் போவதில்லை என்பது உன் குறை. கேமிலும் அதே கதைதான். அவளை அங்கே தனியாக நிற்க விட்டுவிட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை. இன்று காலையில் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்குவதற்கு முன்னால், பிள்ளைக்குப் புத்தி சொல்லப் போகிறவன் முதலில் அந்த மலையை ஏறிப் பார்க்க வேண்டாமா என்று தோன்றியது. நாயைக் கூப்பிட்டுக்கொண்டு புறப்பட்டேன். விழுந்து விழுந்து எழுந்தேன். எந்தப் பாறையில் ஏற வேண்டும் என்று ஒரு சொட்டு மஞ்சள் பெயிண்ட் இல்லாமலே எனக்குத் தெரிந்தது. ஓடை தொடங்கும் பாறைக்கு வந்து மூச்சு வாங்கி நின்றபோது, பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன். ஊரெல்லாம் நீலமும் பச்சையுமாகக் கீழே கிடந்தது. அதற்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. நாய்க் கழுத்தில்கூட நீ சிவப்பை வைக்காமல் எடுத்துவைத்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னும் மேலே ஏறினேன். திரும்பினேன். இருந்தது. அதற்கும் மேலே ஏறினேன். இருந்தது. செண்பகத்தோப்பு மலையில் நின்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு குடை தெரியுமா என்று யாராவது என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால், தெரியாது ஐயா என்றுதான் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் நீ சொன்னது சரி பாப்பா. மேலே போனால் தெரிகிறது.

அப்பா